கரும்பலகைக்கு வரும் வழி

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் செல்போன் பழுது பார்க்கும் பெண் யார் என்று கேட்டால் எல்லாரும் இளவரசியின் கடையைக் கைகாட்டி விடுவார்கள். ஜெராக்ஸ் கடைக்கும் மாவு மில்லுக்கும் நடுவில், ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போட்டாலே நிறைந்துவிடும் அறை. மேலே தகரக் கூரை. அவளுக்கு முப்பத்து மூன்று வயது. வாலாஜாபாத் பக்கத்துப் பெண். அப்பா அந்தோணி ரைஸ் மில்லில் மூட்டை தூக்கினார். அம்மா மரியம்மாள் நடவுக்கும் களையெடுப்புக்கும் போனாள். மகளை மட்டும் இருவருமாகப் பாலிடெக்னிக் வரை படிக்க வைத்தார்கள்.

படிப்பு முடிந்ததும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் செல்போன் செய்யும் ஓர் ஆலையில் சேர்ந்தாள். சோதனைப் பிரிவில் வேலை. செய்து முடித்த போனைக் கம்பியில் மாட்டினால் கம்ப்யூட்டரின் கறுப்புத் திரையில் வரிவரியாக எழுத்து ஓடும். எல்லா வரியிலும் ‘பாஸ்’ என்று வந்தால் பெட்டிக்குள் போகலாம். நாலரை வருஷம் அந்தக் கறுப்புத் திரையைத்தான் பார்த்தாள். ஒப்பந்தம் முடிந்தது, கல்யாணமும் ஆனது. காஞ்சிபுரத்துக்கு வந்தபின் சும்மா இருக்க முடியவில்லை. வேன் ஓட்டும் அவள் கணவன் பாண்டியன்தான் இந்தக் கடையைப் பார்த்துப் பிடித்தான்.

“போன் செய்யத் தெரிஞ்சவ, ரிப்பேர் பண்ண மாட்டியா? உக்காரு” என்றான். உட்கார்ந்துவிட்டாள்.

கடையில் வேலை இல்லாத நேரமும் உண்டு. திரை உடைந்து, மாற்றுவதற்குச் செலவு செய்ய மனமில்லாமல் ஆட்கள் விட்டுவிட்டுப் போன போன்கள் ஒரு டப்பா நிறையக் கிடந்தன. உள்ளே எல்லாம் நல்ல உயிரோடு இருந்தது. திரை மட்டும்தான் இல்லை. இவற்றை வைத்து என்ன செய்யலாம் என்று தேடிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு பழைய விஷயம் அவள் கண்ணில் பட்டது.

இணையம் வீட்டுக்கு வீடு வருவதற்கு முன்னால், வெளிநாடுகளில் சிலர் தங்கள் கம்ப்யூட்டரைத் தொலைபேசியோடு இணைத்து வைத்திருந்தார்களாம். மற்றவர்கள் அந்த எண்ணுக்கு டயல் செய்து உள்ளே வந்து, அறிவிப்புப் பலகையில் இருப்பதைப் படித்து, தங்கள் பங்குக்கு நாலு வரி எழுதிவிட்டுப் போவார்களாம். ஒருவர் உள்ளே இருந்தால் அடுத்தவருக்கு லைன் பிஸி. அந்தப் பலகையை நடத்தியது பெரிய கம்பெனி எதுவும் இல்லை. யாரோ ஒருவர், தன் வீட்டு மூலையில் நடத்தியிருக்கிறார். இளவரசியைப் பிடித்து நிறுத்தியது அதுதான்.

திரை போன ஒரு போனைச் சுவரில் ஆணியடித்து மாட்டி, சார்ஜரில் போட்டு, அந்த மாதிரிப் பலகை ஒன்றை அதில் ஏற்றினாள். இணையத்தில் கிடைத்த பழைய நிரலுக்குத் தமிழ் தெரியவில்லை. ‘வணக்கம்’ என்று எழுதினால் வெறும் கேள்விக்குறியாக வந்தது. அதைத் திருத்தப் போய், கடைசியில் பாதிக்கு மேல் அவளே எழுதும்படி ஆனது. ஆங்கிலத்தில் இருந்த பாடங்களை ஒவ்வொரு வரியாகப் புரிந்துகொண்டு, ஐந்து மாதம் உட்கார்ந்து எழுதினாள். அதற்குக் கரும்பலகை என்று பெயர் வைத்தாள். முகப்பில் ஒரு கோபுரம் வேண்டும் என்று ஆசை. எழுத்து மட்டுமே ஏறும் பலகையில் படம் போட முடியாதல்லவா? நட்சத்திரக் குறியையும் சாய்கோட்டையும் அடுக்கி அடுக்கியே ஏழு நிலைக் கோபுரம் ஒன்றைக் கட்டினாள். அதற்கு மட்டும் பதினோரு நாள் பிடித்தது.

பாண்டியன் அதன் இணைய முகவரியைத் தட்டி, தன் போனிலிருந்து உள்ளே போய்ப் பார்த்தான்.

“நல்லாத்தான் இருக்குது. ஆனா யாரு வருவாங்க?”

“வருவாங்க.”

“எல்லாரு கையிலயும் வாட்ஸ்அப் இருக்குது, யூடியூப் இருக்குது. இதுல ஒரு போட்டோ கூடப் போட முடியாதே இளவரசி.”

நாற்பது நாள் ஆகியும், வந்தவர்கள் பட்டியலில் இரண்டே பெயர்கள்தான். ஒன்று அவளுடையது. மற்றது பாண்டியனுடையது, அதுவும் ஒரே ஒரு தடவை.

போன வருஷம் தை மாதம், பொங்கல் கழிந்த வாரத்தில், ஓர் அம்மாளும் ஐயாவும் கடைக்கு வந்தார்கள். அந்த அம்மாள் புவனேஸ்வரி. இரண்டு தெரு தள்ளி நெசவாளர் வீடு. சார்ஜ் ஏறவில்லை என்று போனை மேசையில் வைத்தாள். எங்கே விரல் பட்டாலும் அந்த போன் சத்தமாகப் பேசியது. “செட்டிங்ஸ். பட்டன். இருமுறை தட்டவும்” என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

தெரியாமல் எதையோ அழுத்திவிட்டு, “போன் தானா பேசுதுமா” என்று வாரத்துக்கு இரண்டு பேராவது இளவரசியிடம் வருவார்கள். இரண்டு வால்யூம் பட்டனையும் சேர்த்து மூன்று விநாடி அழுத்தினால் நின்றுவிடும். கை பழக்கத்தில் அதைச் செய்துவிட்டது. போன் அடங்கியது.

அதுவரை வாசல் பக்கமாகத் திரும்பி நின்றிருந்த ஐயா சட்டென்று அவள் பக்கம் வந்தார்.

“ஏம்மா நிறுத்திட்டே? அது பேசலைன்னா இந்த போன் எனக்கு வெறும் செங்கல்லுமா.”

அப்போதுதான் இளவரசி அவர் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். கண்கள் திறந்திருந்தன. ஆனால் அவளைப் பார்க்கவில்லை.

“மன்னிச்சுக்கோங்கண்ணா. தெரியாம...”

“நீ என்ன பண்ணுவே. இதோ இவளுக்கே ரெண்டு மாசம் ஆச்சு, அது பேசறது பழக.”

அவர்தான் குமரகுரு. நாற்பத்து நாலு வயது. சர்க்கரை நோயில் விழித்திரை கெட்டு, இரண்டு வருஷத்தில் ஒவ்வொரு கண்ணாகப் போய்விட்டது. தறியில் உட்காருவதை விட்டுவிட்டார், வேலையை விடவில்லை. தறியில் நீளவாக்கில் ஓடும் பழைய பாவு நூல் தீரும்போது, அதன் நுனியோடு புதிய பாவின் ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிப் பிணைக்க வேண்டும். அதற்குக் கண்ணைவிட விரல்தான் முக்கியம். நாலு தெருவுக்கு அவர்தான் பிணைத்துக் கொடுத்தார்.

சார்ஜ் ஏறும் துளையை இளவரசி சுத்தம் செய்துகொண்டிருந்தபோது அவர் பேச்சுக் கொடுத்தார். நெசவாளர் வாட்ஸ்அப் குரூப்பில் எல்லாரும் படமாகவே போடுகிறார்களாம்.

“சங்கத்து மீட்டிங் தேதி மாறிச்சுன்னு பேப்பர்ல எழுதி, அதை போட்டோ புடிச்சிப் போட்டுட்டாங்க. எனக்கு என்ன சொல்லுது? ‘போட்டோ’. அவ்ளோதான். நான் பழைய தேதிக்குப் போயி, பூட்டுன கதவைத் தட்டிக்கினு நின்னேன்.” சொல்லிவிட்டு அவரே சிரித்தார். புவனேஸ்வரி சிரிக்கவில்லை.

இளவரசியின் கை நின்றது. சுவரில் தொங்கிய போனைப் பார்த்தாள்.

“அண்ணா, ஒரே ஒரு படங்கூட இல்லாத எடம் ஒண்ணு இருக்குது. உள்ள போயிப் பாக்கறீங்களா?”

அவர் போனிலேயே கரும்பலகையைத் திறந்து கொடுத்தாள். தன் பலகையை முதல் முறையாக ஒரு வெளியாள் பார்க்கப் போகிறார் என்று அவளுக்கு உள்ளூரப் பெருமை. போன் வாயைத் திறந்தது.

“ஸ்லாஷ். ஸ்டார். ஸ்டார். ஸ்டார். ஸ்டார். பேக்ஸ்லாஷ். ஸ்லாஷ். ஸ்டார். ஸ்டார்...”

முதல் நிலை முடிந்தது. இரண்டாவது நிலை தொடங்கியது. குமரகுரு பொறுமையாகக் காதைக் கொடுத்துக்கொண்டிருந்தார். இளவரசிக்கு மேசைக்கடியில் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது.

“இது என்னாமா?”

“கோபுரம்ணா.”

“ஓ. எத்தினி நிலை?”

“ஏழு.”

“சரிமா. நான் மேல ஏறி எறங்கறதுக்குள்ள கடையைச் சாத்திடுவே போல இருக்குதே.”

இந்த முறை புவனேஸ்வரியும் சிரித்துவிட்டாள். அன்று மாலையே இளவரசி கோபுரத்தை எடுத்துவிட்டாள். பதினோரு நாள் வேலை. அழிக்க ஒரு விநாடி கூட ஆகவில்லை. வருத்தம் இருந்தது. ஆனால் மறுநாள் காலை குமரகுரு மறுபடி வந்து நாற்காலியில் உட்கார்ந்தபோது அந்த வருத்தம் எங்கே போனது என்று தெரியவில்லை.

அதன்பின் ஒரு மாதம் இருவரும் சேர்ந்து பலகையைக் காதால் திருத்தினார்கள். அலங்காரக் கோடுகள் போயின. திரை முழுவதும் ஒரே அடியாக வந்து விழுவது நின்று, வரிவரியாக வந்தது. எதைத் தேர்ந்தெடுக்கவும் ஒரே ஓர் எண்ணை அழுத்தினால் போதும் என்று ஆனது.

“மெசேஜ் முடிஞ்சிச்சா, இல்ல சிக்னல் நின்னு போச்சான்னு எனக்கு எப்படிமா தெரியும்?” என்று அவர் கேட்டார். அதனால் ஒவ்வொரு பதிவின் கீழும் ‘முடிந்தது’ என்று ஒரு சொல் தானாக வரும்படி செய்தாள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் வந்தால் எழுத்து ஒன்றோடொன்று கலந்தது. அதைச் சரிசெய்ய அவளுக்குத் தெரியவில்லை. அந்தக் காலத்தில் இருந்த மாதிரியே ஒருவர் உள்ளே இருந்தால் அடுத்தவருக்கு ‘லைன் பிஸி’ என்று வைத்துவிட்டாள்.

மாசி மாதம் ஒரு நாள் புவனேஸ்வரிக்குக் காய்ச்சல். குமரகுரு தனியாகவே கடைக்கு வந்து சேர்ந்தார். இளவரசி பதறி எழுந்தாள்.

“எப்பிடிண்ணா வந்தீங்க?”

“நடந்துதான்.” பிறகு வழியைச் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல, தினமும் அதே தெருவில் வரும் தனக்கு இதில் பாதி கூடத் தெரியாது என்று இளவரசிக்குத் தோன்றியது.

“இதை அப்பிடியே பலகையில எழுதுங்கண்ணா.”

எழுதினார். கரும்பலகையின் ‘வழி’ என்ற பகுதியில் முதல் பதிவு அது.

‘எங்கள் வீட்டிலிருந்து இளவரசி கடைக்கு. வாசலில் இறங்கி இடது பக்கம் திரும்பு. வரிசையாக மூன்று வீட்டில் தறிச் சத்தம் கேட்கும். மூன்றாவதைத் தாண்டியதும் சாக்கடை மூடி, மிதித்தால் டொக் என்று ஆடும். பயப்படாதே, விழாது. அங்கிருந்து எண்பது அடி நட. மாவு வாசனை வரும். மிளகாய் அரைக்கிற நாளாக இருந்தால் உன் தும்மலே சொல்லிவிடும். மில்லுக்கு அடுத்த படி இளவரசி கடை. படி உயரம் அதிகம், தடவிப் பார்த்து ஏறு.’

பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் பரசுராமன் விளையாட்டாகப் பலகைக்குள் வந்து, தன் வீட்டிலிருந்து பேருந்து நிலையத்துக்கு வழி எழுதினார். கண் தெரிந்தவர் அல்லவா? ‘பச்சை பெயிண்ட் அடித்த வீட்டில் வலது பக்கம் திரும்பவும்’ என்று இருந்தது. குமரகுரு அதற்குக் கீழே, ‘பச்சைக்கு என்ன வாசனை, பரசு?’ என்று எழுதினார். பரசுராமன் மறுநாள் அந்த வழியில் மறுபடி நடந்து, பச்சை வீட்டுக்கு எதிரில் தண்ணீர்த் தொட்டி வழிந்து தரை எப்போதும் ஈரமாக இருப்பதைக் கண்டுபிடித்து எழுதினார்.

குமரகுருவுக்கு, தன்னைப் போலவே பார்வை இல்லாதவர்களின் நட்பு போன் வழியாக நிறையக் கிடைத்திருந்தது. அவர்களுக்குப் பலகையின் முகவரியைக் கொடுத்தார். சேலத்திலிருந்தும் திருச்சியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். செங்கல்பட்டிலிருந்து சுகாசினி வந்தாள். அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. அவள் வந்த முதல் நாளே குமரகுருவோடு சண்டை பிடித்தாள்.

‘எண்பது அடி என்று எழுதியிருக்கிறீர்கள். யார் அடி? உங்கள் உயரம் என்ன, என் உயரம் என்ன? அடி எண்ணுகிற வழி எழுதியவருக்கு மட்டும்தான் பயன்படும்.’

மூன்று நாள் வாதம் நடந்தது. நாலாவது நாள் குமரகுரு தன் பதிவுகளில் அடிக்கணக்கை எல்லாம் அழித்து, ஓசை, வாசனை, காலுக்குக் கீழே தரை மாறும் விதம் ஆகியவற்றை மட்டும் வைத்துத் திருப்பி எழுதினார். “அந்தப் பொண்ணு சொல்றது ஞாயம்தான்” என்று இளவரசியிடம் மட்டும் ஒப்புக்கொண்டார்.

சித்திரை முடிவதற்குள் அறுபத்தொரு வழிகள் சேர்ந்திருந்தன. காலையில் பலகைக்குள் போக வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. பாண்டியனே இரண்டு தடவை லைன் பிஸி என்று புலம்பினான்.

அந்தக் கத்திரி வெயிலில்தான் அது நடந்தது. ஒரு திங்கட்கிழமை காலை இளவரசி கடையைத் திறந்தபோது சுவரில் இருந்த போனின் பின்மூடி பிளந்து நின்றது. உள்ளே பேட்டரி அப்பளம் போல உப்பியிருந்தது. தகரக் கூரைச் சூடு, அதற்கு மேல் ராப்பகலாகச் சார்ஜர். கடைக்கு வருபவர்களிடம் எல்லாம், “சார்ஜர்லயே போட்டு வெக்காதீங்க, பேட்டரி வீங்கிடும்” என்று நாளைக்குப் பத்து முறை சொல்கிறவள் அவள். உப்பிய பேட்டரி உள்பலகையை வளைத்து, நினைவகச் சிப்பையும் கெடுத்திருந்தது. இரண்டு நாள் சூட்டுக் காற்றும் பூதக்கண்ணாடியுமாகப் போராடினாள். வேறு வேலை எதையும் தொடவில்லை. சிப் பேசவே இல்லை.

நகல் ஒன்று எடுத்து வைத்திருந்தாள். அது பங்குனியில் எடுத்தது. அதில் இருபத்தேழு வழிகள் இருந்தன. மீதி முப்பத்து நாலும் போய்விட்டன.

“வேற ஒண்ணு வெச்சா போச்சு” என்றான் பாண்டியன், ராத்திரி வீட்டில்.

“போன் கெடைக்குங்க. அவங்க எழுதினது? கண்ணு தெரியாதவங்க ஒவ்வொரு எழுத்தாக் கேட்டுக் கேட்டு அடிச்சது அது.” சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

புதன்கிழமை குமரகுருவே புவனேஸ்வரியோடு கடைக்கு வந்துவிட்டார். மூன்று நாளாக யாராலும் உள்ளே போக முடியவில்லை என்று எல்லா ஊரிலிருந்தும் அவருக்கு போன் வந்துகொண்டிருந்ததாம். இளவரசி ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். தப்பு தன்னுடையது என்றும் சொன்னாள்.

அவர் நாற்காலியைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தார்.

“என்னுது எத்தினி போச்சு?”

“பதினொண்ணுண்ணா.”

“பதினொண்ணா...” விரல்களை மடக்கி எண்ணிப் பார்த்தார். “சங்கத்துக்குப் போறது, கண்ணாஸ்பத்திரிக்கு, ஸ்டேஷன்லேருந்து இங்க வர்றது... தலையில கொஞ்சம் இருக்குது. ஆனா தலையில இருக்கறதை எழுதுனா தப்பாப் போயிடும். மறுபடி நடந்துதான் எழுதணும்.”

“இந்த வெயில்லயா?” என்றாள் புவனேஸ்வரி.

“காலைல நடக்கறேன்.”

“தனியாவா?”

“நீ வேணா பின்னால வா. ஆனா கையப் புடிக்காதே.”

மறுநாளே இளவரசி இன்னொரு போனைச் சுவரில் ஏற்றினாள். இம்முறை பேட்டரியைக் கழற்றிவிட்டு நேரடியாக மின்சாரம் கொடுத்தாள். கரண்ட் போனால் பலகையும் போகும், வந்தால் வரும். தினமும் மாலை ஒரு நகல் அவள் போனுக்கும், இன்னொன்று பாண்டியனின் போனுக்கும் போனது. பாண்டியன் சட்டைப் பையைத் தட்டிக் காட்டி, “இப்ப பலகையும் எங்கூட வேன்ல சுத்துது” என்று சவாரிக்கு வருபவர்களிடம் சொல்லத் தொடங்கினான்.

காலை ஆறு மணிக்குக் குமரகுரு கோலை நீட்டிக்கொண்டு நடப்பார். பத்தடி பின்னால் புவனேஸ்வரி. முதல் வாரம் ஒவ்வொரு ஹாரனுக்கும் அவள் கை முன்னால் நீளும், பிறகு தானே பின்னால் இழுத்துக்கொள்வாள். நடந்து திரும்பியதும் அவர் எழுதுவார். எழுதும்போதுதான் ஒன்று புரிந்தது. தொலைந்துபோன வழிகளில் பாதி, தொலையாமல் இருந்திருந்தாலும் தப்பாகப் போயிருக்கும். மூன்று மாதத்துக்குள் ஒரு தெருவில் புதிதாக வேகத்தடை வந்திருந்தது. முனையிலிருந்த டீக்கடை எதிர்ப்பக்கம் மாறியிருந்தது. வழக்கமாகக் கேட்கும் ஒரு வீட்டுத் தறிச் சத்தம், அவர்கள் ஓரிக்கைப் பக்கம் புது வீடு கட்டிக்கொண்டு போய்விட்டதால், இல்லை.

“வழி மாறிக்கினே இருக்குதுமா” என்று இளவரசியிடம் சொன்னார். “தேதி போடணும். என்னைக்கு நடந்தோம்னு மேலயே எழுதணும்.”

அதை எல்லாருக்கும் பலகையில் அறிவித்தாள். சேலத்துக்காரர் தன் வழிகளை மறுபடி நடந்தார். பரசுராமன் குறித்துக்கொள்ள வெள்ளைத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி மூடித் திறந்து நடந்ததைப் பார்த்துத் தெருவே சிரித்தது. ஆனி முடிவதற்குள் முப்பத்து நாலில் முப்பத்தொன்று திரும்பி வந்துவிட்டன. புதிதாக எட்டும் சேர்ந்தன.

ஆடி மாதம் சுகாசினி ஒரு பதிவு போட்டாள். ‘வரும் சனிக்கிழமை காஞ்சிபுரம் வருகிறேன். குமரகுரு அண்ணன் எழுதிய வழியில் ஸ்டேஷனிலிருந்து இளவரசி அக்கா கடைக்கு நானே வருவேன். யாரும் ஸ்டேஷனுக்கு வரக்கூடாது. வந்தால் திரும்பிப் போய்விடுவேன்.’

சனிக்கிழமை காலை இளவரசிக்குக் கை வேலையில் நிற்கவில்லை. ரயில் ஒன்பதரைக்கு வந்துவிடும். ஸ்டேஷன் வாசலில் ஷேர் ஆட்டோ, பிள்ளையார்பாளையம் முனையில் இறங்கி நடை. எவ்வளவு மெதுவாக வந்தாலும் பத்தேகாலுக்குள் வந்துவிட வேண்டும். பத்தரை ஆனது.

“அண்ணா, நான் முனை வரைக்கும் போயிப் பாத்துட்டு வந்துடறேன்.”

“வேணாம்மா.” குமரகுரு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கோலின் பிடியை விரல்கள் உருட்டிக்கொண்டே இருந்தன. “அவ சொன்னது சொன்னதுதான்.”

பத்தே முக்காலுக்கு இளவரசி செருப்பைப் போட்டுவிட்டாள். புவனேஸ்வரி அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். “நானும் இப்பிடித்தான் ஓடுவேன். இரு” என்றாள்.

பதினொன்று அடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது, மாவு மில் பக்கம் கோல் தட்டும் சத்தம் கேட்டது. முதலில் கேட்டது குமரகுருவுக்குத்தான். அவர் எழுந்து நின்றுவிட்டார். வாசலுக்கு வந்தவள் ஒல்லியாக, தோளில் பையோடு இருந்தாள். சுடிதாரில் முழங்கால் வரை சேறு. படியைக் கோலால் தடவி, உயரத்தைப் பார்த்து, ஏறினாள்.

“இளவரசி அக்கா கடைதானே?”

“ஆமாம்மா! வா, வா. என்ன ஆச்சு, விழுந்துட்டியா?”

“விழலைக்கா. எறங்கினேன்.” மூச்சு வாங்கியது, முகம் மட்டும் மலர்ந்திருந்தது. “தறிச் சத்தத்துக்கு முன்னாடி ரோட்டுல பெரிய பள்ளம் தோண்டி வெச்சிருக்காங்க. வழியில அது இல்லை. கோலை விட்டா அடியே தெரியலை. அங்க வேலை செய்றவங்க தூக்கி விடறேன்னாங்க. வேணாம், பக்கத்துல தாண்டற எடம் எங்கன்னு மட்டும் சொல்லுங்கன்னேன். ஓரமா ஒரு பலகை போட்டிருக்காங்க. அதுல ஒரு கால் வழுக்கிடுச்சு.”

குமரகுருவின் முகம் வாடிவிட்டது. “நான் அந்த வழியில நடந்து பதினெட்டு நாள் ஆச்சு. மன்னிச்சுக்கோமா.”

“எதுக்குண்ணா மன்னிப்பு? நீங்கதான் மேல தேதி போட்டிருந்தீங்களே. பதினெட்டு நாள்னு தெரிஞ்சுதான் கோலை ரொம்ப முன்னாலயே நீட்டிக்கினு வந்தேன். தேதி இல்லைன்னா நேரா உள்ளதான் போயிருப்பேன்.” பையைக் கீழே வைத்தாள். “மத்ததெல்லாம் அப்பிடியே இருந்துச்சு. மாவு வாசனை வந்தப்போ எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு.”

காலைக் கழுவிக்கொள்ளக்கூட இல்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, முதல் வேலையாகத் தன் போனை எடுத்துப் பலகைக்குள் போனாள். பள்ளம் எங்கே தொடங்குகிறது, தாண்டும் பலகை எந்தப் பக்கம், எப்படி வழுக்கும் என்று அன்றைய தேதி போட்டு எழுதினாள். பிறகு, “அந்த போன் எங்கக்கா இருக்குது?” என்று கேட்டாள்.

இளவரசி அவள் கையைச் சுவருக்குக் கொண்டுபோனாள். சுகாசினி அதைத் தடவிப் பார்த்தாள். கண்ணாடி இருந்த இடத்தில் வெறும் சட்டகம், பின்னால் இரண்டு கம்பிகள்.

“இவ்ளோதானா?”

“இவ்ளோதான்.”

“நான் ஒரு பெரிய ரூம் நெறைய மெஷின் இருக்கும்னு நெனச்சிக்கினு இருந்தேன்” என்று சிரித்தாள். இளவரசிக்குக் கண் கலங்கிவிட்டது. யாருக்கும் தெரியாமல் துடைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். புவனேஸ்வரி பார்த்துவிட்டாள்.

மதியம் புவனேஸ்வரி வீட்டில் சாப்பாடு. சாப்பிட்டபடியே குமரகுருவும் சுகாசினியும், ஒரு வழியில் கோயில் மணியைக் குறியாக எழுதலாமா கூடாதா என்று வாதாடினார்கள். மணி எல்லா நேரமும் அடிக்காது என்றாள் அவள். அடிக்காதபோது பூக்கடை வாசனை இருக்கும் என்றார் அவர். சாயங்கால ரயிலுக்கு அவள் தனியாகவே திரும்பினாள். பள்ளத்தைத் தாண்டும் வரை கூட யாரையும் வரவிடவில்லை.

இப்போது கரும்பலகையில் ஒரே நேரத்தில் மூன்று பேர் உள்ளே இருக்கலாம். எழுத்து கலக்காமல் இருக்கும் வழியை இளவரசி கடைசியில் கண்டுபிடித்துவிட்டாள். கடையில் வருமானம் முன்பு போலத்தான். ஆனால் பேசும் போனோடு யாராவது வந்தால் இப்போது அவள் முதலில், “இது வேணும்னு வெச்சதா, தானா வந்ததா?” என்று கேட்கிறாள்.

குமரகுரு அடுத்த வாரம் செங்கல்பட்டுக்குப் போகிறார். சுகாசினி எழுதிய வழியில், தனியாக. புவனேஸ்வரி அன்றைக்குக் கூரத்தில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போகப் போவதாகச் சொல்லிவிட்டாள். வீட்டில் உட்கார்ந்திருந்தால் நினைப்பு ரயிலிலேயே இருக்கும் என்றாள். நேற்றுக் காலை அவள் மட்டும் கடைக்கு வந்தாள். கொஞ்ச நேரம் அது இது என்று பேசிவிட்டு, தன் போனை மேசையில் வைத்தாள்.

“எனக்கும் அதுக்குள்ள போறது எப்பிடின்னு சொல்லிக் குடுமா.”

இளவரசி சொல்லிக் கொடுத்தாள். புவனேஸ்வரி ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, ஒற்றை விரலால் அடித்தாள். கால் மணி நேரம் ஆனது. ‘நான் புவனேஸ்வரி. எனக்குக் கண் தெரியும். நானும் இங்கே எழுதலாமா?’

மதியத்துக்குள் ஒன்பது பதில்கள் வந்திருந்தன.